கன்வேயர் கன்னியப்பனை வரைகிறவர்

நவதுறவு இல்லம்,
கொடைரோடு.
2.2.2025

இயேசுவில் அன்புள்ள தம்பி ஜெரால்டுக்கு,

அக்கா பிரின்சி எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நைனா, அம்மா, நீ மூவரும் சுகமா? நைனாவின் முட்டிவலிக்கு வாங்கி வைத்த தைலம் தீர்ந்ததா, இல்லை பீரோ மேலேயே உட்கார்ந்திருக்கிறதா?

இந்த ஒரு வருடப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குப் போன் கிடையாது, பேப்பர் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு ஆளுக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் தருவார்கள். எழுதி, ஒட்டாமல், பயிற்சித் தலைவி சிஸ்டர் ஆரோக்கியமேரியிடம் கொடுக்க வேண்டும். வருகிற கடிதங்களையும் அவர் பிரித்துப் படித்த பிறகே எங்களுக்குத் தருவார். ஆகவே இந்த இடத்தில் அவருக்கும் ஒரு ஸ்தோத்திரம்.

போன வாரம் அவர் எங்கள் ஒவ்வொருவரிடமும், எதை விடுவது கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டார். ஒருத்தி அம்மா என்றாள், ஒருத்தி பிரியாணி என்றாள். நான் கார்ட்டூன் என்றேன். சிஸ்டர், "லெட்டரோட வந்தா தடுக்க மாட்டேன். ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணுதான்" என்றார். எனக்கு அது போதும்.

நீ செய்ய வேண்டியது இரண்டு வேலை. நைனா படித்து முடித்த பேப்பரிலிருந்து தினமும் 'மிளகு மாமா' மூன்று கட்டத்தையும் வெட்டி வை. அடுத்து, இன்ஸ்டாவில் ஞாயிறு சாயங்காலம் வரும் 'கன்வேயர் கன்னியப்பன்' நாலு கட்டத்தைப் பிரிண்ட் எடு. மாதம் ஒரு கவர். மிளகு மாமாவை எனக்குப் பிடிக்காது. மூன்றாம் கட்டத்தில் யாராவது கால் மேலே, தலை கீழே விழுந்தே தீருவார்கள். இருந்தாலும் பிடிக்காததையும் தினம் பார்த்தால்தான், பிடித்தது ஏன் பிடித்தது என்று எனக்குப் புரிகிறது.

அம்மாவுக்கும் நைனாவுக்கும் என் அன்பு முத்தங்கள்.

உன் அக்கா,
பிரின்சி


புதுகும்மிடிப்பூண்டி
16.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஜெரால்ட் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகம் அறிய ஆவல். தைலம் பீரோ மேலேதான் இருக்கிறது.

உன் லெட்டரைப் படித்துக் காட்டினேன். அம்மா, "சிஸ்டரா ஆவறேன்னு போய்க்கினு, கார்ட்டூன் கேக்குது பாரு இது" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மிளகு மாமாவை வெட்டி வைப்பதே அம்மாதான். ஓரம் கோணலாக இருந்தால் என்னைத் திட்டாதே.

கன்னியப்பனை எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கும் பூமிகா ஜெராக்ஸில் திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போகும்முன் பிரிண்ட் போடுகிறேன். இந்த முறை பழைய வாரங்களுடையதையும் சேர்த்து வைத்திருக்கிறேன். கடை எட்வர்ட் அண்ணன் உன் விலாசத்தை டைப் செய்து லேபிள் மாதிரி எடுத்து வைத்திருக்கிறார். ஒரு வருடத்துக்கு ஆகுமாம்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? முதல் கட்டத்தில் கன்னியப்பன் கம்பெனி வாசலில் மெஷினில் விரல் வைக்கிறான். 'மீண்டும் முயற்சிக்கவும்' என்கிறது. இரண்டாவதில் வேறு விரல். மூன்றாவதில் பேண்ட்டில் துடைத்துவிட்டு இன்னொரு விரல். நாலாவதில் சும்மா விரலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவ்வளவுதான். இது எனக்குத் தினம் காலையில் நடப்பது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, பேஜாராகத்தான் இருந்தது.

எனக்கு ஆகஸ்டில் ட்ரெயினிங் இரண்டு வருடம் முடிகிறது. பெர்மனென்ட் லிஸ்டில் என் பெயர் இருப்பதாக லைன் லீடர் தேசப்பன் அண்ணன் சொன்னார். ஜெபத்தில் நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
தம்பி ஜெரால்ட்


நவதுறவு இல்லம்
2.3.2025

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். கவர் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு ஒரு நல்ல கத்தரிக்கோல் வாங்கிக் கொடு. உன் ஆகஸ்ட் விஷயத்துக்காகத் தினமும் செபமாலையில் ஒரு பத்து மணி தனியாக ஒதுக்கியிருக்கிறேன்.

சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாய். எல்லாப் படக்கதையும் சிரிக்க வைப்பதற்கில்லை என்று நான் நினைக்கிறேன். நாலாம் கட்டத்தில் அவன் முகத்தைப் பார். வருடக்கணக்கில் இரும்பைப் பிடித்து ரேகை தேய்ந்துபோன மனுஷன், நான் நான்தானா என்று தன் விரலையே கேட்கிறான். இதை ஒரு வார்த்தை எழுதாமல் வரைந்திருக்கிறார்கள். இதே விஷயம் மிளகு மாமாவிடம் போயிருந்தால் காதில் புகை வரும், கண் வெளியே வந்து ஆடும், மேலே 'டமால்' என்று எழுதியிருக்கும். இங்கே சிரி என்று விலாவில் குத்துகிற கார்ட்டூனோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

சிஸ்டர் ஆரோக்கியமேரிக்கு நேர்மாறான ருசி. மாமா தண்ணீர்த் தொட்டியில் விழுந்ததை நினைத்து, மௌனமாகச் சாப்பிட வேண்டிய இரவு உணவில் சிஸ்டருக்குப் புரையேறிவிட்டது. கன்னியப்பனைக் காட்டினால், "பாவம், யாராவது அவனுக்கு ஒரு கார்டு குடுக்கலாமே" என்கிறார்.

ஒரு நாளைக்கு ஒன்று என்பதால் ஒவ்வொன்றையும் முழு நாளும் பார்க்கிறேன். அதனால் ஒன்று கண்ணில் பட்டது. கேன்டீனில் கை கழுவும் இடம் மூன்று படங்களில் வருகிறது. மூன்றிலும் மூன்று குழாய்கள். நடுக் குழாயை ஏதோ பட்டையால் கட்டி வைத்திருக்கிறது. கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கற்பனையில் வரைகிறவர் ஒரு குழாயை மூன்று வாரம் கட்டி வைக்கமாட்டார். ஜெரால்ட், அந்தக் குழாய் எங்கோ நிஜமாக இருக்கிறது!

உங்கள் கேன்டீனில் குழாய் எத்தனை?

அன்புடன்,
அக்கா பிரின்சி


புதுகும்மிடிப்பூண்டி
20.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் சுகம். நைனா தைலம் போட ஆரம்பித்துவிட்டார்.

குழாய் மூன்று. நடுக் குழாய் பச்சை பேக்கிங் பட்டையால் கட்டியிருக்கிறது.

ஒன்றரை வருடமாகத் தினம் அங்கேதான் கை கழுவுகிறேன். கேட்டிருந்தால் இரண்டு குழாய் என்று சொல்லியிருப்பேன். உன் லெட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், சாப்பாட்டு நேரத்தில் அங்கே நின்று பார்த்தேன். தேசப்பன் அண்ணன் பின்னால் வந்து, "இன்னாடா, கொழாவ மொறச்சிக்கினு நிக்கிற? தண்ணி வருலியா?" என்றார். மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே அவரும் கொஞ்ச நேரம் குழாயைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிறகு பழைய படங்களையெல்லாம் போனில் பார்த்தேன். கேன்டீன் கடிகாரம் நாலு பத்தில் நிற்கிறதே, அது எங்கள் கடிகாரம். சுவரில் பாதி கிழிந்த மாலை மாதிரி ஒன்று தொங்குகிறதே, அது போன ஆயுத பூஜைத் தோரணம். அக்கா, கன்னியப்பன் எங்கள் கம்பெனிதான். அவனை வரைகிறவர் எங்களோடு சாப்பிடுகிறார்.

ஆனால் இங்கே தொள்ளாயிரம் பேர் வேலை செய்கிறோம். அடுத்து எதைப் பார்க்க வேண்டும்? எழுது. இந்த மாதம் படங்களை இரண்டு காப்பி போட்டேன். ஒன்று எனக்கு.

இப்படிக்கு,
தம்பி ஜெரால்ட்


நவதுறவு இல்லம்
6.4.2025

அன்புத் தம்பிக்கு,

தவக்காலம் ஆனாலும் உடம்புக்குக் குறையில்லை, நான் சுகம். நைனாவைத் தைலத்தை விட்டுவிடாமல் போடச் சொல்.

உன் லெட்டரைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தேன். அதற்காக எனக்கு ஒரு வாரம் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. கழுவிக்கொண்டே யோசித்தேன்.

வெளிச்சத்தைக் கவனித்தாயா? கேன்டீனில், பஸ்ஸில் வரைகிறபோது நிழல் மூக்குக்குக் கீழே விழுகிறது, சரியாக இருக்கிறது. ஆனால் கன்னியப்பனோடு வேலை செய்கிறவர்கள் உட்கார்ந்து பேசுகிற படங்களில் நிழல் மூக்குக்கு மேலே, புருவத்துக்கு மேலே இருக்கிறது. முதலில் வரையத் தெரியவில்லை என்று நினைத்தேன். மற்ற எல்லாவற்றையும் இவ்வளவு சரியாக வரைகிறவருக்கு அது மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? டார்ச் லைட்டைத் தாடைக்குக் கீழே பிடித்துக் கண்ணாடியில் பார்த்தேன். அதே நிழல். திரும்பினால் பின்னால் சிஸ்டர் ஆரோக்கியமேரி. அவர் கத்திய கத்தலில் மூன்று பேர் ஓடி வந்தார்கள். பிறகு அவரே டார்ச்சை வாங்கித் தன் முகத்தில் பிடித்துப் பார்த்து, "ஆமா, நீ சொல்றது சரிதான்" என்றார்.

வெளிச்சம் கீழேயிருந்து, மேஜைக்குள்ளிருந்து வருகிற இடம் உங்கள் கம்பெனியில் உண்டா? உண்டென்றால் அவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பார்த்துவிட்டு உடனே எழுது. மாதம் ஒரு லெட்டர் என்ற சட்டம் எனக்குத்தான், உனக்கு இல்லை.

அன்புடன்,
அக்கா பிரின்சி


புதுகும்மிடிப்பூண்டி
27.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா?

நீ கேட்ட மாதிரி இடம் உண்டு. இன்ஸ்பெக்ஷன் ரூம். கண்ணாடி மேஜைக்குள் லைட் எரியும், அதன்மேல் பாகங்களை வைத்துக் கீறல் பார்ப்பார்கள். ஒரே வரிசையில் ஆறு பேர். பெட்டி கொண்டு போகிற சாக்கில் போய்ப் பார்த்தேன். வரைகிற மாதிரி யாரும் இல்லை.

இதை இத்தோடு விட்டுவிடலாம் அக்கா. அனுப்பியிருக்கிற படங்களில் சேஃப்டி வாரத்தைப் பற்றி ஒன்று இருக்கும், பார். கன்னியப்பனுக்குப் புதுக் கையுறை போட்டு மேடையில் போட்டோ எடுப்பார்கள், எடுத்ததும் கையுறையைத் திருப்பி வாங்கி டப்பாவில் வைத்துவிடுவார்கள். அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது. எங்களிடம் சரக்கு வாங்குகிற பெரிய கம்பெனிக்காரர்களும் பார்த்துவிட்டார்கள். ஹெச்.ஆர். வசந்தகுமார் சார், வரைகிறது யாரென்று தெரிந்தால் அன்றைக்கே வெளியே என்று மீட்டிங்கில் சொன்னார். ஆகவே நீ கண்டுபிடிக்கிற எதையும் இனி எழுத வேண்டாம்.

அந்தப் படத்தில் கன்னியப்பன் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றுகிறான். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. சட்டென்று உருவிக் கொடுத்திருந்தால் இவ்வளவு வருத்தமாக இருந்திருக்காது.

இப்படிக்கு,
தம்பி ஜெரால்ட்


நவதுறவு இல்லம்
4.5.2025

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். அம்மாவுக்கு வெயிலில் மயக்கம் வருமே, குடை எடுத்துப் போகச் சொல்.

திருட்டுப் பயலே, உனக்குத் தெரிந்துவிட்டது. தேசப்பன் அண்ணனின் மூக்குப்பொடி டப்பாவைக்கூட விடாமல் எழுதுகிறவன் நீ. ஆறு பேரைப் பார்த்துவிட்டு ஒருவரைப் பற்றியும் ஒரு வரி எழுதவில்லை. அதுவும் போதாதென்று, கையுறை கழற்றுவதைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறாய்.

எழுதாதே என்று சொல்லியிருக்கிறாய். என்னால் முடியவில்லை, ஜெரால்ட். நம் கடிதத்தை சிஸ்டரைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்? நான் கண்டதைச் சொல்லிவிடுகிறேன், சரியா என்று மட்டும் சொல்.

அவர் இடதுகைக்காரர். நிழலுக்குப் போடும் கோடுகள் எல்லாம் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்கின்றன. நான் இரண்டு கையாலும் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது, மேஜையில் உட்கார்ந்திருக்கிறவர்களின் வலது கன்னம்தான் எப்போதும் தெரிகிறது. இடது கன்னத்தை ஒருமுறைகூட வரையவில்லை. ஆகவே வரிசையின் வலது ஓரத்தில், சுவரை ஒட்டிய கடைசி ஸ்டூல். மூன்றாவது, அது ஒரு பெண். பெண்கள் உடை மாற்றும் அறைக் கதவின் உள்பக்கத்தை வரைந்திருக்கிறாள். உடைந்த கொக்கிக்குப் பதில் ஒரு ஸ்பூனைச் செருகியிருக்கிறது. எந்த ஆணுக்கு அந்த ஸ்பூன் தெரியும்?

அவளுக்கு ஒரு பெயர் இருக்குமே. அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் செபத்தில் மனம் நிற்கவில்லை. சிஸ்டர், மன்னிக்கவும், உண்மை அதுதான்.

ஆவலோடு,
அக்கா பிரின்சி


நவதுறவு இல்லம்
1.6.2025

அன்புத் தம்பிக்கு,

சுகமா? மே மாதம் கவர் வரவில்லை. கடிதமும் இல்லை. நான் எழுதியதில் கோபமா, இல்லை வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? மிளகு மாமா பழையதையே திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் முறை பார்த்தால் அவ்வளவு மோசமில்லை.

பெயர் இருக்கட்டும். நீ ஒரு வரி எழுது.

அக்கா பிரின்சி


புதுகும்மிடிப்பூண்டி
22.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபமும் இல்லை.

நான் வேலை மாறிவிட்டேன். இப்போது அத்திப்பட்டில் பவர் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புகிற ஒரு கான்ட்ராக்டரிடம் இருக்கிறேன். காலையில் ட்ரெயின் பிடித்துப் போக வேண்டும், அதனால் எழுத நேரம் கிடைக்கவில்லை. சாம்பல் கொஞ்சம் பறக்கும், மற்றபடி பழகிவிட்டது.

கன்னியப்பன் இப்போது வருவதில்லை. இன்ஸ்டாவில் பக்கமே காணோம். மிளகு மாமா ஐம்பத்தைந்து வைத்திருக்கிறேன்.

ஏன் மாறினேன் என்று அம்மாவுக்குத் தனியாக எழுதிக் கேட்காதே. வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
தம்பி ஜெரால்ட்


கும்மிடிப்பூண்டி
28.6.2025

மதிப்பிற்குரிய சகோதரி பிரின்சி அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் யாரென்று, கன்னியப்பன் படங்களில் வருகிற அதே எழுத்தைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயர் எழுதவில்லை, மன்னியுங்கள். உங்கள் விலாசம் எட்வர்ட் அண்ணன் கடையில் கிடைத்தது.

ஏப்ரலில் உங்கள் தம்பி எங்கள் அறைக்குப் பெட்டி கொண்டு வந்தார். ரிஜெக்ட் ஆன பாகத்தில் கட்டுகிற சிவப்பு அட்டை ஒன்று என் மேஜையிலிருந்து கீழே விழுந்திருந்தது. அதன் பின்பக்கம் கன்னியப்பனைப் போட்டு வைத்திருந்தேன். அவர் எடுத்தார், பார்த்தார், கவிழ்த்து என் மேஜையில் வைத்தார். "இது கீய வுழுந்துகிச்சு" என்றார். அதன்பிறகு ஒரு நாளும் என் பக்கம் வரவில்லை.

மே மாதம் பத்தொன்பதாம் தேதி எங்களில் பலரை ஹெச்.ஆர். அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன், கதவு சாத்தவில்லை. வசந்தகுமார் சார் உங்கள் தம்பியிடம், "வாராவாரம் பிரிண்ட் போடறது நீதான்னு ஜெராக்ஸ் கடையில சொல்லிட்டாங்க. நீ வரையறியா, இல்ல வரையற ஆளு உன் கூட்டாளியா?" என்றார். "எங்க அக்காவுக்கு அனுப்புறேன் சார்" என்றார். "யாரு வரையறதுன்னு சொல்லிட்டா உன் பேரு லிஸ்ட்ல இருக்கும். இல்லாட்டி இன்னிக்கோட சரி." "தெரியாது சார்." அதையே ஏழெட்டு முறை சொன்னார். பிறகு பையைச் சோதனை போட செக்யூரிட்டியைக் கூப்பிட ஆள் போனது.

அப்போது உங்கள் தம்பி, மயக்கமாக இருக்கிறது, சாப்பிட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வராந்தாவின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். மணி பதினொன்று. செக்யூரிட்டி வந்து நின்றும் நிறுத்தவில்லை. டப்பா காலியான பிறகுதான் பையைக் கொடுத்தார். பையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அனுப்பிவிட்டார்கள்.

எங்களைக் கீழே வேலைக்கு அனுப்பிய பிறகு, நான் போய் உண்மையைச் சொல்லிவிடுவதென்று மறுபடி மாடிப்படி ஏறினேன். அவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். "நீ போய்ச் சொன்னா எனக்கு வேல திரும்பி வராது. ஒனக்கும் பூடும். அப்பால ரெண்டு பேரும் ஸ்டேஷன்ல குந்திக்கினு ட்ரெயினை எண்ணணும். மேல போவாத" என்றார். நான் திரும்பிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பயத்தில் பக்கத்தை எடுத்துவிட்டேன். உங்களுக்காகக் காகிதத்தில் ஒன்று போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

வணக்கத்துடன்.


நவதுறவு இல்லம்
6.7.2025

என் அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. சாம்பல் பறக்கிற இடத்தில் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்கிறாயா?

பெயர் போடாத ஒரு கடிதம் எனக்கு வந்தது. அப்படி வருவதை எங்களுக்குத் தரக்கூடாது என்பது சட்டம். சிஸ்டர் ஆரோக்கியமேரி இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, சமையலறைக்கு என்னைக் கூப்பிட்டு, "படிச்சிட்டு அடுப்புல போட்டுடு" என்று கொடுத்தார். படித்தேன். போட்டுவிட்டேன்.

ஜெரால்ட், தப்பு என்னுடையது. பிரிண்ட் கேட்டது நான். எழுதாதே என்று நீ தெளிவாகச் சொன்ன பிறகும், என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொள்ள எழுதியதும் நான். செபமாலையின் அந்தப் பத்து மணிகளில் உன் வேலைக்காக வேண்டிக்கொண்டே, இன்னொரு கையால் அதைப் பிடுங்கியிருக்கிறேன். இதை எழுதும்போது அழுகிறேன். மை கலைந்திருந்தால் அதனால்தான்.

அவள் பெயரை எனக்குச் சொல்லாதே. வேண்டவே வேண்டாம். நான் இங்கிருந்து வெளியே வந்த பிறகும் சொல்லாதே. சிஸ்டர், "நெஜமாவே தெரிஞ்சுக்க வேணாமா?" என்று கேட்டார். தெரிந்துகொள்ள எனக்கு இருக்கிற ஆசையை அவரிடம் மறைக்கவில்லை. ஆனாலும் வேண்டாம்.

அவள் அனுப்பிய படத்தை மட்டும் அடுப்பில் போடவில்லை. நாலு கட்டத்திலும் ஒரு பெஞ்ச், அதில் ஒருவன் டிபன் பாக்ஸை மடியில் வைத்துச் சாப்பிடுகிறான். கன்னியப்பன் இல்லை. காது உன் காது. பக்கத்தில் செக்யூரிட்டியின் பூட்ஸ் மட்டும் தெரிகிறது. சிஸ்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து கன்னியப்பன் கட்சிக்கு வந்த முதல் ஓட்டு.

படத்தில் ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. நீ சின்ன வயதிலிருந்தே பயந்தால் சாப்பிடமாட்டாய். பரீட்சை நாளில் அம்மா நாஷ்டா தட்டோடு உன் பின்னால் ஓடுவார். வேலை போகப்போகிற நேரத்தில், பதினோரு மணிக்கு, அப்படி வழித்து வழித்து ஏன் சாப்பிட்டாய்? வெண்டைக்காய் சாம்பார் உனக்குப் பிடிக்கக்கூடச் செய்யாது. டப்பாவின் ஓரத்தில் வெண்டைக்காயை வரைந்திருக்கிறாள்.

பெயரைக் கேட்கவில்லை. இதை மட்டும் கேட்கிறேன்.

உன் அக்கா,
பிரின்சி


புதுகும்மிடிப்பூண்டி
20.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம்தான். மூக்கைக் கட்டிக்கொள்கிறேன். நைனாவும் அம்மாவும் சுகம். வேலை போன அன்று நைனா என்னோடு பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கூட்டிக்கொண்டு போய் அத்திப்பட்டு கான்ட்ராக்டரிடம் விட்டார். திரும்பும்போது ட்ரெயினில், "அந்தப் பொம்மைய எனக்கும் காட்டு" என்றார். காட்டினேன். விரல் வைக்கிற படத்தை இரண்டு முறை பார்த்தார்.

நீ அழ வேண்டாம். பெயரைச் சொல்லாதே என்று எழுதியிருக்கிறாய். நீ கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன், அதனால் நமக்குள் சண்டை இல்லை.

சாப்பிட்டது ஏன் என்று கேட்டாய். உன் மே மாத லெட்டர் அன்றைக்குப் பையில் இருந்தது. ஸ்பூன் செருகிய கதவைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைச் சிரித்துக்கொண்டே திரும்பப் படிக்கலாம் என்று டீ நேரத்துக்காகக் கொண்டு போயிருந்தேன். செக்யூரிட்டியைக் கூப்பிட ஆள் போனதும்தான் அந்த நினைப்பு வந்தது. கிழித்துப் போட வராந்தாவில் ஒரு குப்பைத் தொட்டிகூட இல்லை. இன்லேண்ட் லெட்டர் மெல்லிய காகிதம்தான், ஆனால் நீ எல்லாப் பக்கமும் எழுதி வைத்திருக்கிறாய். சின்னச் சின்னதாகக் கிழித்துச் சாம்பார் சாதத்தில் போட்டுப் பிசைந்தேன். சோறு நீலமாகிவிட்டது. வெண்டைக்காயை எடுத்து எடுத்து மேலே வைத்தேன். செக்யூரிட்டி குனிந்து பார்த்தபோது, "இன்னா சாம்பார்பா இது?" என்றார். எங்கள் அம்மா வைப்பது அப்படித்தான் இருக்கும் என்றேன். அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே.

அந்த லெட்டரை நீ யோசித்து எழுதியது வீண் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். இடது கை, ஓரத்து ஸ்டூல், ஸ்பூன், ஒன்றுகூடத் தப்பில்லை, அக்கா. அதனால்தான் கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட வேண்டியதாகிவிட்டது.

இப்படிக்கு,
தம்பி ஜெரால்ட்